டால்டா டப்பாவுக்குள் ஒரு எள் சாட்சி

போன மாதம் ஒரு நாள், ஓபி முடியுற நேரம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று மாதம் முன்பு மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். மரச்செக்கு நல்லெண்ணெய்.

"சார், எங்க வீட்டுல இதைத் தவிர வேற எண்ணெய் கிடையாது. பாக்கெட் எண்ணெயைத் தொடுறதில்ல. வனஸ்பதி எங்க வாசப்படி ஏறினதே இல்ல. அப்புறம் எனக்கு ஏன் சார் வந்துச்சு?"

கூட வந்திருந்த அவர் அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். சட்டென்று குறுக்கே வந்தார். "ஏன்டா பொய் சொல்ற? உங்க அக்கா கல்யாணத்துக்கு டின்னு டின்னா வந்து இறங்குச்சே. ஜாங்கிரியெல்லாம் எதுல சுட்டோம்னு நினைச்ச?"

"அம்மா, நீ சும்மா இரும்மா."

அவருடைய கேள்விக்கு அங்கேயே ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்றேன். ஆனால் அம்மா சொன்ன அந்த டின் மனசுல நின்னுடுச்சு. ஏன்னா டின், எள், திருச்சி மூணுக்கும் நடுவுல ஒரு பழைய தொடர்பு இருக்கு. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த பலருக்கு அது தெரியாது. எனக்கே மருத்துவம் முடிச்சு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுட்டு வந்து உட்காருங்க.

எள்ளிலிருந்து ஆரம்பிக்கலாம்.

'எண்ணெய்' என்ற சொல்லே எள் + நெய்தான். நெய் என்றால் பழந்தமிழில் பொதுவாகக் கொழுப்பு. எள்ளின் நெய் எண்ணெய். அந்தப் பெயர் பிறகு எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகிப் போச்சு. அதனால் அசல் எண்ணெய்க்குத் தனியாக ஒரு அடைமொழி தேவைப்பட்டது. நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய் என்று சொல்லும்போது நாம் உண்மையில் 'தேங்காய் எள் நெய்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். யோசிச்சா சிரிப்பு வரும்.

எள் இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராக்கப்பட்டது என்பதுதான் இன்றைய தாவரவியலாளர்களின் பெரும்பான்மைக் கருத்து. அதன் காட்டு மூதாதை கேரளப் பக்கம் இன்றும் தானாக முளைக்கிறது. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. மெசபடோமியாவில் நல்ல எண்ணெய்க்கு 'எல்லு' என்று ஒரு சொல் இருந்தது, அது நம்ம 'எள்'தான் என்று வாட்ஸப்பில் ஒரு தகவல் சுத்தும். கொஞ்சம் பொறுமை. அக்காடிய மொழியில் 'எல்லு' என்றால் 'தூய' என்றும் பொருள். ஒற்றுமை சுவாரசியமானது, ஆனால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

நம்ம பக்கம் சான்று கல்லிலேயே இருக்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்று ஒரு வரி வரும். செக்கு வைத்திருப்பவர் கட்ட வேண்டிய வரி. எண்ணெய் வணிகர்களை 'சங்கரப்பாடியார்' என்று குறிப்பிடும் கல்வெட்டுகள் உண்டு. தனியாக வரி போடும் அளவுக்கு, தனி வணிகக் குழு இயங்கும் அளவுக்கு அது பெரிய தொழில். பெயரும் ஆண்டும் பொறித்த கல்செக்குகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது சோழர் காலத்துப் பழகிய கணக்கு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். ஆடு சாகாதா என்ன? செத்தாலும் கிழடானாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதிலிருந்து நாள்தோறும் ஒரு உழக்கு நெய் விளக்குக்குப் போகும். நெய் விளக்கு வசதி படைத்தவர் கொடை. மற்ற விளக்குகளுக்கு இலுப்பையும் எள்ளும் ஆமணக்கும் இருந்தன. கோயில்களுக்கு இலுப்பைத் தோப்பு விட்டது அதற்காகத்தான்.

இங்கே கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு அளவுதான்.

எல்லாக் கொழுப்பும் ஒரே அமைப்பு. கிளிசரால் என்ற ஒரு முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சங்கிலி நேராக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும், உறையும். இதுதான் நிறைவுற்ற கொழுப்பு. நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் சங்கிலி மடங்கும். மடங்கியவை அடுக்காது. அதனால் திரவமாக இருக்கும். இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்பு இருந்தால் இன்னும் நீர்த்தது, ஆனால் காற்றுப்பட்டால் சீக்கிரம் சிக்கடிக்கும்.

இலுப்பை எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும். அதற்கென்ன, விளக்குச் சூட்டில் உருகிவிடும். ஆமணக்கில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம் என்ற வேறெங்கும் இவ்வளவு கிடைக்காத ஒரு சரக்கு. அதனால்தான் அது அவ்வளவு பிசுபிசுப்பு, மெதுவாக எரியும், குடித்தால் குடலைக் கிளறிவிடும். பேரிலேயே இருக்கு பாருங்க: விளக்கெண்ணெய்.

நல்லெண்ணெய் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். நூற்றுக்கு சுமார் 40 பங்கு ஒலியிக் அமிலம் (ஒரு மடிப்பு), கிட்டத்தட்ட அதே அளவு லினோலியிக் அமிலம் (இரண்டு மடிப்பு), மீதி 15 வாக்கில் நிறைவுற்றது. கணக்குப்படி பார்த்தால் இது சீக்கிரம் கெட வேண்டிய எண்ணெய். கெடுவதில்லை. ஊறுகாய் ஜாடியில் வருஷக்கணக்கில் நிற்கும். காரணம், எள்ளுக்கு மட்டுமே உரிய சில பொருள்கள்: செசாமின், செசாமோலின். சூடு பட்டால், அமிலம் பட்டால் செசாமோலினிலிருந்து செசாமோல் என்ற பொருள் பிரியும். அது எண்ணெயைக் காற்றிடமிருந்து காக்கும் காவல்காரன்.

இந்த செசாமோல் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி கதையில் சாட்சி சொல்ல வரும்.

கார்த்திகை அன்று மலைக்கோட்டை உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபத்தில் இலுப்பை எண்ணெய், நல்லெண்ணெய், நெய் மூன்றும் சேரும். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரியும். சின்ன வயசில் அது எனக்கு வெறும் வெளிச்சம். இப்போ பார்த்தா மூணு வித கொழுப்பு அமிலக் கலவை எரியுற மாதிரி தெரியுது. படிச்சதால் வந்த நஷ்டம்.

ஸ்ரீரங்கம் என்றதும் இன்னொன்று. பெரிய கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கு, போனவங்களுக்குத் தெரியும். கோயிலில் ஒரு ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இயங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. அதைக் கருடவாகன பட்டர் சீரமைத்ததைச் சக ஆண்டு 1415, நம்ம கணக்கில் 1493, கல்வெட்டு பதிவு செய்கிறது. கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கிய மறு வருஷம். (அந்தப் பயணம் கதைக்குத் தேவை, வேர்க்கடலை அங்கிருந்துதான் வரப்போகுது.)

அந்தக் காலத்து மருத்துவமனைகளில் எண்ணெய்க்கு என்ன வேலை? காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு மருந்துப் பட்டியலையே கொடுக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுரசாலை. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளில் தைலங்கள் பல, அதில் ஆமணக்கெண்ணெய் வகைகளும் உண்டு. மூலிகையின் சத்தை எண்ணெயில் இறக்கி வைப்பது அன்றைய மருந்தாக்க முறை.

பழங்கதைன்னு நினைக்காதீங்க. மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒரு முறை இடுப்பில் போடும் ஊசிகள் இருக்கு: ஹாலோபெரிடால் டெகனோயேட், ஃப்ளூஃபெனசின் டெகனோயேட். அந்த மருந்து கரைந்திருப்பது எதில் தெரியுமா? நல்லெண்ணெயில். ஊசிக்கென்று சுத்திகரித்த எள்ளெண்ணெய். தசைக்குள் போய்ச் சின்னக் குளம் மாதிரி தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ரத்தத்துக்கு விடும். தினமும் மாத்திரை விழுங்க மறுக்கும் ஒரு நோயாளியின் குடும்பம் நிம்மதியாகத் தூங்குவதில் எள்ளுக்கும் பங்கு உண்டு.

இதையே காரணமா வெச்சுக்கிட்டுக் கைக்குழந்தை மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீங்க, ப்ளீஸ். மூக்கில் விட்ட எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கும். இருமல்கூட வராது, ஏன்னா எண்ணெய் தொண்டையை உறுத்தாது. நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது. அப்படி வரும் நிமோனியா சாதாரண ஆன்டிபயாடிக்கில் கேட்காது. உடம்பில் தேய்த்துக் குளிப்பாட்டுங்க, அதோட நிறுத்துங்க.

சரி, கதைக்கு வருவோம். வேர்க்கடலை.

தென் அமெரிக்கப் பயிர். எந்த வழியாக வந்தது என்பதற்குப் பெயரே துப்பு. விழுப்புரம், கடலூர் பக்கம் இன்றைக்கும் அது மணிலாக்கொட்டை, பேச்சில் மல்லாட்டை. மணிலா பிலிப்பைன்ஸ் தலைநகரம். ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்குக் கப்பல் ஓட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டில் இது பணப்பயிராகிவிட்டது. புதுச்சேரித் துறையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிரான்சின் மார்செய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெயாட்டி சோப்பு காய்ச்சினார்கள். எள்ளும் அதே மார்செய்க்குப் போனது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வேரூன்றியது. விவசாயிகள் வாயில் இன்றும் புழங்கும் 'டிஎம்வி' ரகங்களில் டிஎம்வி என்பது திண்டிவனம்தான்.

திருச்சிப் பக்கம் இரண்டு பயிருக்கும் இடம் இருந்தது. ஆற்றுப்பாசனப் பகுதியில் சம்பா அறுத்த ஈரத்தில் எள். துறையூர், முசிறி, மணப்பாறைப் பக்கத்து மானாவாரியில் கடலை. நடுவில் நாலு திசைக்கும் ரயில் போகும் ஜங்ஷன்.

இனி டின்.

1902-இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் ஒரு காப்புரிமை வாங்கினார். திரவ எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூள் போட்டு, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது உறைகொழுப்பாகிவிடும். மடங்கிய சங்கிலியின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறி அதை நிமிர்த்திவிடுகிறது. மலிவான தாவர எண்ணெயிலிருந்து நெய் மாதிரி ஒன்று! நெய் வாங்க வசதியில்லாத, ஆனால் நெய் மேல் ஆசையுள்ள கோடிக்கணக்கான பேர் இருக்கும் நாட்டில் இது எப்படி விலைபோகும் என்று சொல்லவா வேணும்?

லீவர் நிறுவனம் இந்துஸ்தான் வனஸ்பதி கம்பெனியை 1931-இல் பதிவு செய்து, மறு வருஷம் பம்பாய் சேவ்ரியில் உற்பத்தியைத் தொடங்கியது. 'தாதா' என்ற பெயரில் இறக்குமதியாகிக்கொண்டிருந்த சரக்கின் பெயருக்கு நடுவில் லீவரின் 'ல்' நுழைந்து 'டால்டா' ஆனது என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. மஞ்சள் டப்பா, பச்சை மரம். காலியானதும் அதில் துளசி வைக்காத வீடு உண்டா? பிறகு எந்தக் கம்பெனி வனஸ்பதியாக இருந்தாலும் மக்கள் வாயில் டால்டாதான்.

நம்ம ஊர் இங்கேதான் கதைக்குள் வருது. அந்த நிறுவனத்தின் சொந்தக் காலவரிசையே சொல்கிறது: 1951-இல் ஷாம்நகர், திருச்சி, காசியாபாத் வனஸ்பதி ஆலைகள் வாங்கப்பட்டன. கல்கத்தா பக்கம் ஒன்று, டெல்லி பக்கம் ஒன்று, தெற்கே திருச்சி. அன்றைக்கு வனஸ்பதிக்கு முக்கிய மூலப்பொருள் கடலெண்ணெய். சுத்தி கடலைக் காடு, நடுவில் ரயில் ஜங்ஷன். வேறெங்கே வைப்பார்கள்? (2003-இல் டால்டா பெயர் பங்கி என்ற அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாறியது.)

வனஸ்பதி வந்ததும் வந்தது, நெய் வியாபாரத்தில் கலப்படம் தலைவிரித்தாடியது. நிறம், மணல்மணலான பதம், உருகும் சூடு எல்லாம் நெய் போலவே. கொஞ்சம் நிஜ நெய்யைக் கலந்தால் வாசனையும் வந்துவிடும். காந்தி 'ஹரிஜன்' இதழில் இதைக் கண்டித்து எழுதினார். 1950 வாக்கில் வனஸ்பதி தயாரிப்பையே தடை செய்யக் கோரும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தடை வரவில்லை. சரி, நிறமாவது ஏற்று, பார்த்ததும் தெரியட்டும் என்றார்கள். உண்பதற்குப் பாதுகாப்பாகவும் இருக்கணும், சூட்டில் போகாமலும் இருக்கணும், வியாபாரி எடுத்துவிட முடியாமலும் இருக்கணும். அப்படி ஒரு நிறம் சிக்கவில்லை.

அப்போதுதான் எள் சாட்சிக் கூண்டில் ஏறியது.

வனஸ்பதி தயாரிக்கும் ஒவ்வொருவரும் அதில் குறைந்தது 5% நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ருசிக்காக இல்லை. சத்துக்காகவும் இல்லை. காட்டிக்கொடுப்பதற்காக.

எப்படி? நம்மில் பலர் இதைப் பள்ளி ஆய்வகத்தில் செஞ்சிருக்கோம். உருக்கிய நெய்யில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு சிட்டிகை சர்க்கரை. நல்லா குலுக்கி வை. அடியில் ரோஜாச் சிவப்பு வந்தால் டால்டா கலந்திருக்கு. எழுதிக்கோ, அடுத்த கேள்வி. எங்க வாத்தியாரும் அவ்வளவுதான் சொன்னார். நானும் இத்தனை வருஷமா டால்டாவில் இருக்கும் ஏதோ ஒரு கெமிக்கல்தான் சிவக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இல்லை. சிவப்பது எள்.

அமிலம் சர்க்கரையை உடைத்து ஃபர்ஃபுரால் வகைப் பொருளாக்கும். அதே அமிலம் எள்ளெண்ணெயின் செசாமோலினைப் பிளந்து செசாமோலை வெளியே விடும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. நெய்யில் செசாமோல் கிடையாது. கடலெண்ணெயில் கிடையாது. ஆலையில் கட்டாயமாகப் போட்ட அந்த நல்லெண்ணெய்தான் குற்றவாளியோடு கூடவே வந்து, ஆய்வகத்தில் கையைத் தூக்குகிறது. எவ்வளவு சிவக்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது: ஒரு பங்கு வனஸ்பதியை நாலு பங்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் கரைத்த பிறகும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் சிவப்பு வர வேண்டும். அப்பதான் நெய்யில் கொஞ்சமாகக் கலந்தாலும் பிடிபடும்.

இந்தப் பரிசோதனைக்குப் பெயர் போதுவான் சோதனை. பிரெஞ்சுக்காரர் பெயர். அங்கே அதை வைத்துப் பிடித்தது எதைத் தெரியுமா? ஆலிவ் எண்ணெயில் மலிவான எள்ளெண்ணெய் கலந்ததை! அங்கே கலப்படக்காரன், இங்கே சாட்சி. கட்டாயமாக எள்ளைச் சேர்க்கும் யோசனையும் புதுசு இல்லை. 1897-லேயே ஜெர்மனி தன் நாட்டு மார்கரினில் 10% எள்ளெண்ணெய் கட்டாயம் என்று சட்டம் போட்டது, வெண்ணெயைக் காப்பாற்ற.

ஆக, நல்லெண்ணெய்தான் நம்ம பாரம்பரியம், டால்டா அதன் எதிரி என்று நாம் பிரித்துவைத்திருந்த காலத்தில், ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் இருபதில் ஒரு பங்கு நல்லெண்ணெய் உட்கார்ந்திருந்தது.

ஒரு டாக்டராக எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த பகுதி.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான விதி எதைப் பாதுகாத்தது? நெய்யை. நெய் வாங்குபவரின் காசை. வனஸ்பதியைத் தெரிந்தே, டப்பாவாக வாங்கிச் சாப்பிட்டவரின் இதயத்தை அது பார்க்கவே இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லணும். மாறாக, கிராமுக்கு 25 யூனிட் வைட்டமின் ஏ சேர்க்க வேண்டும் என்றும் விதி இருந்தது. மாலைக்கண் இருந்த நாட்டில் அது நல்ல எண்ணம்தான்.

தப்பு நடந்தது நிக்கல் தொட்டிக்குள். ஹைட்ரஜன் ஏறும்போது எல்லாப் பிணைப்பும் நிரம்புவதில்லை. சில பிணைப்புகள் நிரம்பாமலே முறுக்கிக்கொண்டு திசை மாறிவிடும். மடங்கியிருந்த சங்கிலி, இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்க, நிமிர்ந்துவிடும். இதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, திசை மட்டும் மாறிய எலாயிடிக் அமிலம் உருக சுமார் 44 டிகிரி வேணும். நம்ம உடம்புச் சூடு 37. திரும்பப் படிங்க. ஒரே ஒரு முறுக்கு.

1990-இல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் இருவரும் 59 ஆரோக்கியமான ஆட்களுக்கு மூன்று வித உணவை மூன்று மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலான எல்டிஎல்லை ஏற்றியது, நல்லதான ஹெச்டிஎல்லை இறக்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. நெய்யில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்புகூட ஹெச்டிஎல்லை இப்படி இறக்குவதில்லை. தினசரிக் கலோரியில் 2% ட்ரான்ஸ் கொழுப்பு கூடினால் இதயநோய் வாய்ப்பு சுமார் 23% கூடுகிறது என்று பிறகு வந்த தொகுப்பாய்வுகள் கணக்கிட்டன. 2003-இல் டென்மார்க் முதலில் சட்டம் போட்டது: கொழுப்பில் 2%-க்கு மேல் கூடாது.

நாம்? முதலில் 10%, பிறகு 5%. 2021 ஜனவரியில் 3%. 2022 ஜனவரியில் 2%. நெய்யைக் காப்பாற்றச் சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களிலேயே முந்திக்கொண்ட நாடு, சாப்பிடுபவரைக் காப்பாற்ற 2022 வரை எடுத்துக்கொண்டது. இன்றைய வனஸ்பதியில் ட்ரான்ஸ் குறைந்துவிட்டது, ஆனால் பெரும்பாலும் பாமாயிலை வைத்துச் செய்வதால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். பேக்கரி பஃப்ஸ் மொறுமொறுன்னு உதிர்ந்தால் எனக்குக் கை தானாகப் பின்னாடி போகும்.

அப்போ மரச்செக்குக்குத் திரும்பிட்டா எல்லாம் சரியாயிடுமா? இங்கேதான் பலர் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. வாங்க.

செக்கில் சூடு குறைவு. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும்போது எண்ணெய் நல்லாப் பிரியும். வாசனை, செசாமின் எல்லாம் தங்கும். சந்தோஷம். நானும் தோசைப்பொடிக்கு அதைத்தான் ஊத்துறேன். ஆனால் கொழுப்பு அமிலக் கணக்கு செக்கிலும் ஆலையிலும் ஒன்றுதான். வாகைமரச் செக்கு லினோலியிக் அமிலத்தை வேறொன்றாக மாற்றிவிடாது.

கடலெண்ணெயில் இன்னொரு சங்கதி. ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய் வரவைக்கக்கூடிய நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் அது பிடிபட்டது. ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் நீங்காது. அதனால் செக்கெண்ணெய் வாங்குபவர் எண்ணெயைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கடலையைப் பார்க்கணும். சொத்தையும் கறுப்பும் பொறுக்கி எடுத்த கடலையா? உங்க கண் முன்னாடி கொட்டுறாங்களா?

விலையையும் பாருங்க. ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேணும். கடைத்தெருவில் எள் விலையை விசாரிச்சு இரண்டரையால் பெருக்குங்க. புண்ணாக்கு விற்ற காசைக் கழிச்சுக்குங்க. வர்ற தொகையைவிடக் குறைவா ஒருத்தர் 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' கொடுத்தா, அவர் தர்மம் பண்றார், இல்லேன்னா வேற எதையோ ஊத்துறார். பூஜைக்கென்று விற்கும் 'தீப எண்ணெய்' பாட்டிலில் சமையலுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருப்பாங்க. அதைத் தாளிக்க எடுத்துடாதீங்க. அப்படி எடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கேன்.

இனி அந்த ஸ்ரீரங்கத்துக்காரர்.

நான் அவரிடம் எண்ணெய் என்ன வகை என்று கேட்கவில்லை. மாசம் எத்தனை லிட்டர்னு கேட்டேன். "அஞ்சு லிட்டர் கேன் சார். மூணு பேரு. செக்கு எண்ணெய்தானேன்னு தாராளமா ஊத்துவோம்."

கால்குலேட்டரை எடுத்தேன். அஞ்சு லிட்டரை மூணு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 55 மில்லி. கிட்டத்தட்ட 50 கிராம். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. எண்ணெயில் மட்டும் 450 கலோரி. கூடவே பத்து வருஷமா சர்க்கரை நோய். ஸ்டென்ட் வைக்கும் வரை ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். இதையெல்லாம் விட்டுட்டு அவர் பாட்டிலைக் கொண்டுவந்து விசாரணை நடத்திக்கிட்டிருந்தார்.

"ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு வைங்க. மூணு பேருக்கு ஒன்றரை. இதே நல்லெண்ணெயே இருக்கட்டும், பாதிக்குக் கடலெண்ணெயும் வாங்குங்க. அளந்து ஊத்துங்க. பொரிச்ச எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதீங்க. சிகரெட்டை மறுபடி தொடாதீங்க. எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க."

அவர் தலையாட்டினார். அம்மாதான் யோசித்துக்கொண்டே இருந்தார். எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, சாமி விளக்குக்கு ஊத்துறது அந்த ஒன்றரை லிட்டருக்குள்ள வருமா, தனியா?"

"தனிம்மா."

"அப்ப சரி" என்று மஞ்சப்பையை வாங்கிக்கொண்டார்.